கழன்ற வெண்கலக் கையோடு மெல்பர்னுக்கு

சிட்னியிலிருந்து மெல்பர்னுக்குக் காரில் போவது பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். பழைய வெண்கலச் சிலையோடு போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

சிட்னியின் பரமட்டாவில் என் எதிர்வீட்டுக்காரர் சிவா அங்கிள், யாழ்ப்பாணத்துக்காரர். மனைவி ஹெலன் இறந்த பிறகு, போன மார்ச்சில், மெல்பர்னின் புறநகரான கிரெய்கிபர்னில் உள்ள மகள் வீட்டுக்கே போய்விட முடிவெடுத்தார். சாமான்கள் லாரியில் போயின. ஒன்றை மட்டும் லாரிக்காரர்களிடம் தர மறுத்துவிட்டார்: ஹெலனின் கொள்ளுத்தாத்தா இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த, விக்டோரியா ராணி காலத்துச் சிலை. ஒரு முழ உயரம். நெற்றியில் கைவைத்துத் தூரத்தைப் பார்க்கும் மீனவப் பெண். எனக்கும் மெல்பர்னில் வேலை இருந்ததால் அவரைக் கூட்டிப்போனேன். சிலையைத் துணியில் சுற்றி டிக்கியில் படுக்கவைத்தது நான்தான்.

மொத்தம் 850 கிலோமீட்டர். காலை ஆறு மணிக்குக் கிளம்பி, பாதி வழியில் கண்டகாய் என்ற சிற்றூரில் காபிக்கு நிறுத்தினோம். டிக்கியைத் திறந்து துணியைத் தொட்டதும் உள்ளே ஏதோ உரசியது. பிரித்தால், வலது கை தனியே கிடந்தது. அதை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

"அங்கிள், கை கழண்டிருச்சு. நான் சரியா வைக்கல."

அதை வாங்கிக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்தார். "காரை எடுங்கோ பிள்ளை. மகளுக்கு இப்ப ஒண்டும் சொல்லாதேங்கோ."

அடுத்து, எல்லை ஊரான ஆல்பரியில் நிறுத்தினோம். அங்கே சாப்பிடும்போது போனில் தேடினேன். வெண்கலம் லேசில் உடையாதாம்; உடைந்த இடம் சாம்பல் நிறமாக இருந்தால் அது துத்தநாகத்தில் வார்த்து வண்ணம் பூசிய போலியாம். அப்படியானால் ஹெலன் குடும்பத்துக் கதையே பொய்யாகிவிடும். அந்தக் கையைக் காட்டச் சொல்லிக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. மெல்பர்னில் உலோகச் சிற்பங்களைப் பழுதுபார்க்கும் ஒரு பெண்ணைப் போனில் அழைத்து மறுநாளுக்கு நேரம் வாங்கினேன். மீதி முந்நூறு கிலோமீட்டரும் அங்கிளின் கை சட்டைப் பை மேலேயே இருந்தது.

மறுநாள், நகருக்குள் கார் நிறுத்த இடம் தேட வேண்டாமென்று, அவரிடம் ரயிலில் போனோம். சிலை என் மடியில். அந்தப் பெண் அதைக் கவிழ்த்து, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார். வெண்கலம்தான் என்றார். அந்தக் காலத்தில் மாதிரி உருவத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, நைசான மணலில் அச்செடுத்து, உடலைத் தனியாகவும் கைகளைத் தனியாகவும் வார்ப்பார்களாம். பிறகு ஆணி வைத்து இணைத்து, தடம் தெரியாமல் அராவி, நிறம் ஏற்றுவார்களாம். கருகிய மணல் இன்னும் உள்ளே ஒட்டியிருப்பதைக் காட்டினார். பட்டறை முத்திரை இல்லை. அதனால் எங்கே வார்த்தது என்று சொல்ல முடியாதாம்.

"கை உடையவில்லை, மூட்டு கழன்றிருக்கிறது" என்றவர், தோளிலிருந்து மஞ்சளாக ஒரு துணுக்கைச் சுரண்டி எடுத்தார். பசை. இன்றைக்கும் கடையில் விற்பது. யாரோ முன்பே ஒட்டியிருக்கிறார்கள்.

அங்கிள் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் ஒட்டேல்லை. வீட்டிலை நாங்கள் ரெண்டு பேர்தான். இதிலை கை வைக்காதேங்கோ எண்டு ஹெலன் காலம் முழுக்கச் சொன்னவ. ஏனெண்டு இப்பதான் விளங்குது."

சிரித்தார். சிரித்து முடித்தும் வெகுநேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நீங்கள் போவதானால்: சிலையைப் படுக்கவைக்காதீர்கள், நிமிர்த்தி, பின் சீட்டில் பெல்ட் போடுங்கள். கையைப் பிடித்துத் தூக்காதீர்கள். கழன்றால் வீட்டில் ஒட்டாதீர்கள். புது ஆணி போட்டுத் தர மூன்று வாரம் ஆனது.

போன வாரம் அங்கிளிடம் போனில் சிலையைப் பற்றிக் கேட்டேன்.

"ஓம், நல்லா இருக்கு. இப்ப நான்தான் தூசு தட்டுறன்" என்றார்.