ஐம்பது பத்தான காலை

எனக்கு வாய் நீளம், பொறுமை குட்டை. நான் எழுதும் புரோகிராமைக் கணினித் திரையில் ஒருமுறை ஓட்டிப் பார்க்க நாலு நிமிடம் ஆகும். அதற்குள் நாலு பேரைத் திட்டிவிடுவேன். அதனால்தான் ஒரு ஞாயிறு மதியம், கணினியின் நினைவகமான ரேமுக்குக் கம்பெனிக்காரன் குறித்திருந்த 3200 வேகத்தை 3800-க்கு ஏற்றினேன். கணினி முனகாமல் எழுந்து ஓடியது. ஓடுகிறதே, அப்புறம் என்ன என்று சோதனைகூடப் போடவில்லை.

கெலமங்கலத்து வீட்டில் உட்கார்ந்து நான் எழுதுவது இரும்பைச் செதுக்கும் இயந்திரத்துக்கான புரோகிராம். இரும்பை வெட்டும் டூல் எங்கே போக வேண்டும், எவ்வளவு உயரம் எழும்ப வேண்டும் என்று வரிவரியாகச் சொல்ல வேண்டும். அதைப் பென் டிரைவில் எடுத்துப்போய் ஓசூர் பட்டறையில் ஓட்டுபவர் என் கணவர். மற்றவர்கள் எழுதியதை முதலில் வெறும் காற்றில் ஓட்டிப் பார்ப்பார். என்னுடையதை நேராக இரும்பில் இறக்கிவிடுவார். இயந்திரத்தின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எட்டிப் பார்க்கும் பழக்கம் வேறு. அவர் அப்படி நம்புவதில் எனக்கு ரொம்பப் பெருமை.

செவ்வாய்க்கிழமை அவர் காலை ஷிஃப்டுக்குக் கிளம்பிய பிறகு, சும்மாதான் ரேம் சோதனையைப் போட்டுவிட்டு இட்லி ஊற்றப் போனேன். திரும்பி வந்தால் திரை முழுக்கச் சிவப்பு வரிகள். ரேமில் எழுதியது ஒன்று, திரும்பப் படித்தது வேறொன்று. கணினி படுத்திருந்தால்கூடப் பரவாயில்லை; இது ஓடிக்கொண்டே தப்பாக ஞாபகம் வைத்திருந்தது. முந்தின நாள் நான் எழுதிய புரோகிராம் அவர் சட்டைப் பையில் போய்விட்டது. என்னிடம் இருக்கும் நகலைச் சரிபார்க்கலாமென்றால், அதையும் இதே கணினியில்தான் திறக்க வேண்டும். பொய் சொன்னவனையே சாட்சிக்குக் கூப்பிடுவது மாதிரி.

பட்டறையில் செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அடித்துப் பார்த்தேன், எடுக்க ஆளில்லை. ஸ்கூட்டியை எடுத்தேன். வழியெல்லாம் கம்பெனி பஸ்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, எட்டிப் பார்க்கும் அவர் முகத்தையே நினைத்துக்கொண்டு போனேன். பயத்தில் அழுகைகூட வரவில்லை.

செக்யூரிட்டி உள்ளே சொல்லி அனுப்ப, அவர் வேகமாக வெளியே வந்தார்.

"யாருக்கு என்னாச்சு?"

"உங்களுக்குத்தான். ஓட்டிட்டீங்களா?"

"இல்லியே. இப்பத்தான் டூல் மாட்டிக்கினு இருந்தேன்."

சூப்பர்வைசரிடம் கெஞ்சி உள்ளே போய், இயந்திரத்தின் திரையில் இருவரும் வரிவரியாகப் படித்தோம். ஓர் இடத்தில் டூல் ஐம்பது மில்லிமீட்டர் உயரத்தில் தாண்டிப் போக வேண்டும். அங்கே பத்து என்றிருந்தது. வழியில் முப்பது உயரத்துக்கு, வேலைத்துண்டை அசையாமல் பிடித்திருக்கும் ஒரு இரும்புக் கிளாம்பு. முழு வேகத்தில் போய் மோதியிருக்கும். உடைந்த துண்டு திறந்த கதவு வழியாக, எட்டிப் பார்க்கும் அவர் முகத்துக்கே வந்திருக்கும்.

"நீ போட்டதுன்னு பாக்காமயே ஓட்டியிருப்பேன்" என்றார்.

அன்றே வேகத்தைப் பழையபடி இறக்கினேன். இப்போது அந்த நாலு நிமிடமும் பேசாமல் உட்கார்ந்திருக்கிறேன். பயம் மட்டும் இறங்கவில்லை. ஒவ்வொரு முறை பென் டிரைவைக் கையில் கொடுக்கும்போதும் அவரிடம் சொல்கிறேன்:

"இது நான் போட்டதில்ல. வேற யாரோ போட்டதுன்னு நெனச்சுக்குங்க."