ரொந்தேவு வைத்து வெடிக்கும் வெடி

பிரான்சில் எதற்கும் ரொந்தேவு வேண்டும். பல் வைத்தியருக்கும் வங்கிக்கும் பிள்ளையின் ஆசிரியைக்கும் முன்கூட்டியே நேரம் குறித்துக்கொண்டுதான் போகவேண்டும். எங்கள் வீட்டில் வெடிக்குக்கூட ரொந்தேவு உண்டு. தெற்கே வேலை செய்யும் என் கணவர் காலையில் அழைப்பார். "பதினொண்டரைக்கு அடிக்கிறம். நீர் பயப்பிடாதேயும்." வெடிக்கும் இடத்துக்குக் கைத்தொலைபேசி கொண்டுபோகக் கூடாது. அதனால் வண்டிக்குத் திரும்பி வந்தபிறகுதான் மறுபடி அழைப்பார். "முடிஞ்சுது." இரண்டு அழைப்புகளுக்கும் இடையில், பரிஸ் நகரில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் எங்கள் நான்காம் மாடிச் சமையலறையில், நான் ஒரே வெங்காயத்தை அரிந்துகொண்டிருப்பேன்.

ஊரில் வெடிகள் யாரிடமும் நேரம் கேட்டதில்லை. பதுங்குகுழிக்குள் இருந்து கணக்குப் பாடம் படித்தவள் நான். இவர் போர் முடிந்தபின் கிளிநொச்சிப் பக்கம் கண்ணிவெடி அகற்றியவர். ஒரு பொழுதில் புதைத்துவிட்டுப் போனதை மாதக்கணக்கில் முழந்தாளில் நின்று கிண்டி எடுத்தார்கள். இங்கே வந்து பல வருடம் உணவகத்தில் கோப்பை கழுவினார். பிறகு ஒரு சிறு நிறுவனம் அந்தப் பழைய அனுபவத்தைக் கேட்டுவிட்டு வேலைக்கு எடுத்தது. இயந்திரம் ஏறமுடியாத பைன் மலைச் சரிவுகளில், வெடிமருந்து அடைத்த நீளக் கயிற்றைப் பற்றைப் புதர்களுக்குள்ளால் இழுத்துப் போடுகிறார்கள். அது வெடித்தால் பற்றை பறந்து வெறும் மண்ணாக ஒரு பாதை தெரியும். கோடையில் காட்டுத்தீ அதுவரை வந்து, தின்ன ஒன்றுமில்லாமல் நின்றுவிடும் என்று முதலாளி சொல்கிறார். நிற்கவேண்டும் என்று இவர் சொல்கிறார்.

லா சப்பலில் இதை நான் யாருக்கும் சொல்வதில்லை. தமிழரின் வாயில் 'வெடி' என்ற சொல் வந்தாலே அடுத்த மேசைக்காரர் திரும்பிப் பார்ப்பார் என்று எனக்கொரு பயம்.

"தங்கச்சி, மனுசனைக் காணேல்லை?" என்றார் மரக்கறிக் கடை அண்ணை.

"காட்டு வேலை, அண்ணை. தெற்கிலை."

"காடு வெட்டவோ? அதை வன்னியிலேயே வெட்டியிருக்கலாமே! அதுக்கேன் பிளேன் ஏறி வந்தவர்?"

சிரித்துவிட்டு முருங்கைக்காயோடு வந்துவிட்டேன். ஆனால் எனக்கு வந்த பிரெஞ்சுக் குடியுரிமை நேர்காணலில் 'காட்டு வேலை' போதாது. கணவரின் தொழிலைக் கட்டாயம் கேட்பார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். பொய் சொன்னால் என் விண்ணப்பத்தையே மூடிவிடுவார்கள். உண்மை சொன்னால்? இரண்டு கிழமை அகராதியோடு இருந்தேன். அந்தக் கயிற்றின் பெயரான வெடித்திரி என்பதில் வெடியை வெட்டிவிட்டுத் திரியை மட்டும் வைத்துக்கொண்டால் என்ன? திரிக்கு 'மெஷ்' என்று போட்டிருந்தது. மென்மையான, விளக்கேற்றும் சொல். "என் கணவர் மெஷ் போடுகிறார்" என்று பிரெஞ்சில் கண்ணாடி முன் நின்று பழகினேன்.

நேர்காணலில் கேள்வி கேட்ட அதிகாரி அம்மா முகம் மலர்ந்து, "ஆ! குவாஃபேர்!" என்றார்.

முடிதிருத்துபவர்! மெஷ் என்றால் சாயம் பூசும் கூந்தல் கற்றையும்தான். நான் தினமும் மகளைப் பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு கடக்கும் சலூன் கண்ணாடிகள் எல்லாவற்றிலும் அந்தச் சொல் எழுதியிருக்கிறது. அகராதியில் அந்த வரிக்குப் போகுமுன் நான் நிம்மதியடைந்துவிட்டேன்.

"பரிசிலா வேலை செய்கிறார்?"

"இல்லை மதாம், காட்டில்."

அவர் தட்டச்சை நிறுத்தினார். "காட்டிலா?" பிறகு, புதுவித இயற்கை வைத்தியம் என்று நினைத்தாரோ என்னவோ, தலையாட்டிவிட்டு அதையும் பதிந்தார். எல்லாம் நல்லபடியாகப் போனது. கடைசியில் தாளை என் பக்கம் தள்ளினார். மேலே சொன்னவை யாவும் உண்மை என்று கௌரவத்தின் பேரில் கையெழுத்திட வேண்டும். பேனாவைத் திறந்தேன். மூடினேன். மறுபடி திறந்தேன். இவரின் பெயருக்கு எதிரே 'முடிதிருத்துபவர்' என்றிருந்தது.

"மதாம், முடியில்லை. வெடி," என்றேன். எக்ஸ்புளோசிஃப். நான் பயந்து பயந்து ஒளித்துவைத்த சொல் அந்தச் சின்ன அறையில் முழுதாக விழுந்தது.

அவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்தார். நான் பையைக் கிண்டி, தேவைப்படாது என்று நம்பிக் கொண்டுபோன அனுமதிக் கடிதத்தை எடுத்து வைத்தேன். தெற்கிலுள்ள ஒரு பிரிபெக்தூர், அதாவது அரசின் மாவட்டச் செயலகம், கொடுத்தது. அவர் முத்திரையைப் பார்த்தார். பிறகு தன் மேசையிலிருந்த அதே மாதிரி முத்திரையைப் பார்த்தார்.

"அப்படியென்றால் அனுமதித்தது நாங்கள்தான்," என்றார்.

"ஓம், மதாம்," என்றேன், தமிழில்.

அவர் 'முடிதிருத்துபவர்' என்பதை ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். முகத்தில் சின்ன ஏமாற்றம். மெஷ் போட என்ன விலை என்று கேட்க இருந்தாரோ என்று தோன்றியது. கையெழுத்திட்டேன். முடிவு கடிதத்தில் வரும் என்றார். வெளியே வந்து தொலைபேசியைத் திறந்தால் இவரின் செய்தி இருந்தது: "முடிஞ்சுது. உமக்கு?" எனக்கு முடிந்ததா என்று எனக்கே தெரியவில்லை.

கடிதம் இன்னும் வரவில்லை. சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்று காலையிலும், சொன்னது நல்லது என்று மாலையிலும் நினைக்கிறேன். நேற்று இவர், தூரத்தில் நின்ற ஒருவர் எடுத்த காணொளியை அனுப்பியிருந்தார். ஐந்து வயது மகள் மேசைமேல் தொலைபேசியை நிறுத்திவைத்துக் காத்திருந்தாள். மூன்று முறை ஊதல் சத்தம். பிறகு மலை ஓரமாகப் புழுதி ஒரு நேர்கோடாக எழுந்தது. சத்தம் பின்னால் வந்தது.

"மமோன், செ பப்பா! அன்கோர்!" அம்மா, அது அப்பா, இன்னொருக்கா என்று அவள் குரல் மேசைக்கு அடியிலிருந்து கேட்டது. என் இடது கை அவள் தலையைக் கீழே அழுத்திப் பிடித்திருந்தது. வலது கை, அவள் கேட்டபடியே, காணொளியை மறுபடி ஓடவிட்டுக்கொண்டிருந்தது.