குழந்தையின் முதல் துணி

தங்கை தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்த அன்றே முடிவு செய்துவிட்டேன். குழந்தையின் மேல் படும் முதல் துணி நான் சாயம் போட்டதாகத்தான் இருக்க வேண்டும். ஆசை பாதி, வீம்பு பாதி. ரசாயனம் சேராத சாயத்தில் பருத்தித் துணி செய்து விற்கிறேன் என்று கிளம்பியதிலிருந்து என்னைக் கிண்டல் செய்யாத ஆள் வீட்டில் இல்லை. கோழிப்பண்ணை வைத்திருக்கிற வீட்டுப் பெண் வெங்காயத் தோலை மூட்டையாக வாங்கி வந்தால் வேறென்ன செய்வார்கள்!

அம்மா மட்டும் கிண்டலோடு விடமாட்டார். "புதுசே சாயம் போனாப்பல இருக்குது கண்ணு. இதைய ஆரு வாங்குவா?" என்பார். அது எனக்குச் சுருக்கென்று தைக்கும். ஆரம்பத்தில் நான் போட்ட சாயமெல்லாம் உண்மையிலேயே ஓடிப்போனது. அதனால் ஒரு வேட்டி நீளப் பருத்தித் துணியைச் சோதனைக்கென்றே வைத்திருந்தேன். சாயம் பிடிக்கக் கடுக்காய்த் தண்ணீரில் ஊறவைத்து, ஒரு மூலையில் வெங்காயத் தோல், இன்னொன்றில் மாதுளைத் தோல், நடுவில் செண்டுமல்லிப் பூ என்று தோய்ப்பேன். துவைப்பேன், வெயிலில் போடுவேன், மறுபடியும் துவைப்பேன். திட்டுத்திட்டாகக் கிடந்த அதை யாராவது வந்தால் ஒளித்துவைப்பேன்.

குழந்தைக்காகச் செண்டுமல்லி மஞ்சளில் குட்டிச் சட்டைகள் தைத்து, தேய்த்து, பெட்டியில் அடுக்கி நாமக்கல் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனேன். தங்கையை உள்ளே அழைத்துப் போனதும் நர்ஸ் வந்து, குழந்தையைச் சுற்றப் பழைய துணி கேட்டார். நான் பெட்டியை நீட்டினேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மொதமொதல்ல புதுத்துணி போடப்படாது சாமி. பச்ச ஒடம்பு, உறுத்தும்."

"இதுல ரசாயனமே இல்லீங்மா."

"இல்லாட்டி இருக்கட்டும். தொவச்சுத் தொவச்சு நைஞ்ச துணிதான் வேணும்."

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். அம்மா கொண்டு வந்திருந்த அப்பாவின் பழைய வேட்டியை நர்ஸ் தடவிப் பார்த்தார். "இது பாலியஸ்டர் கலந்ததுங்க, ஈரம் இழுக்காது" என்று திருப்பிக் கொடுத்தார். அம்மாவின் சேலைகளும் அதே ரகம்தான். எங்கள் வீட்டு பீரோ கதவு சாத்த முடியாமல் பிதுங்கும். அத்தனையிலும் பழைய பருத்தித் துணி ஒன்றுகூட இல்லை.

அம்மா என் பக்கம் திரும்பினார். "உன்ற சாயத்துணி கொடியில கெடக்குதில்ல, அதைய எடுத்துட்டு வா."

"அதுவா? அது கறைத்துணிங்மா!"

"நல்லா நைஞ்சு பஞ்சாட்டம் கெடக்குது. நான் தொட்டுப் பார்த்திருக்கறேன். சீக்கிரம் போ."

ஸ்கூட்டியில் பறந்து போய் எடுத்து வந்தேன். நர்ஸ் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு உள்ளே கொண்டுபோனார். அவர் வெளியே வந்தபோது அந்தத் துணிக்குள் என் தங்கை மகள் கண்ணை மூடிக் கிடந்தாள். நான் ஒளித்துவைத்த திட்டெல்லாம் அவளைச் சுற்றி இருந்தது. நான் வாய்விட்டே அழுதேன்.

சட்டைப் பெட்டியை அம்மா வாங்கிக்கொண்டார். "தொவச்சுப் பதமாக்கறேன்" என்று தினமும் வீட்டுக்குப் போய்த் துவைத்துப் போட்டார். தங்கை வீடு திரும்பிய அன்று வாசலில் வாளியோடு உட்கார்ந்திருந்தவர், என்னை மட்டும் கூப்பிட்டார்.

"தண்ணியப் பாரு கண்ணு. மஞ்சள் துளிகூட எறங்கல."