வேலூர் மாவட்டத்தில் மிகத் தெளிவாகக் கேட்கிறது

ஷூ கம்பெனியில் எனக்குக் குறை கண்டுபிடிக்கும் வேலை. காலை எட்டரையிலிருந்து சாயங்காலம் ஆறு மணி வரை நின்றபடியே, தைத்து வரும் தோலைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். நூல் பிரிந்திருக்கிறதா, தையல் கோணியிருக்கிறதா என்று பார்த்துச் சரியானதற்கு ஒரு சீட்டும் தப்பானதற்கு இன்னொரு சீட்டும் ஒட்ட வேண்டும். பத்தொன்பது வருடம் இதைச் செய்தவனுக்கு வீட்டுக்கு வந்தபிறகு எந்தக் குறையும் கண்ணில் படாது. குழாய் சொட்டினால் சொட்டிவிட்டுப் போகட்டும் என்று படுத்துவிடுவேன். இதற்காக என் மனைவி என்னைத் திட்டாத நாள் இல்லை.

அந்த அலுப்பில்தான் நான் இந்தக் காரியத்தைச் செய்தேன் என்று சொல்லிக்கொள்கிறேன். அது பாதி உண்மை. மீதிப் பாதியையும் சொல்லிவிடுகிறேன்.

நான் ஒரு நேயர் மன்றத்தின் செயலாளர். கடல் தாண்டி இருக்கும் ஒரு நாட்டின் அரசாங்க வானொலி, தினமும் சாயங்காலம் ஏழரை மணிக்குச் சிற்றலையில் அரைமணி நேரம் தமிழில் பேசும். செய்தி, அவர்கள் ஊர்ப் பண்டிகை, சமையல், சனிக்கிழமையானால் நேயர் கடிதம். எங்கள் கம்பெனி ஷூ ஏற்றுமதியாகிற நாடுகளில் அதுவும் ஒன்று. அந்த ஊர்க்காரர்கள் கட்டுகிற வரியில் நடக்கிற நிலையம். ஆம்பூர்ப் பக்கம் ஒருத்தி சோறு வடித்துக்கொண்டே கேட்பதற்குத் தாங்கள் வரி கட்டுகிறோம் என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ. தெரிந்திருந்தால் எப்போதோ நிறுத்தச் சொல்லியிருப்பார்கள்.

இப்படி நான்கைந்து நாடுகள் தமிழில் பேசிய காலம் உண்டு. ஒவ்வொன்றாக மூடிவிட்டார்கள். மூடுகிற அன்று எல்லா நாட்டுக்காரர்களும் ஒரே மாதிரித்தான் பேசுவார்கள். இத்தனை வருட ஆதரவுக்கு நன்றி, இனி இணையத்தில் சந்திப்போம் என்பார்கள். முதல் தடவை ரேடியோவை அணைக்க மனம் வராமல் வெறும் இரைச்சலையே கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாவது தடவை குளிக்கப் போய்விட்டேன். மிஞ்சியது இது ஒன்றுதான்.

எங்கள் மன்றத்தில் பன்னிரண்டு பேர் என்று லெட்டர்பேடில் அச்சடித்திருக்கிறது. நிலையத்திலிருந்து வருகிற காலண்டரையும் பேனாவையும் வாங்கிக்கொள்ளப் பன்னிரண்டு பேரும் வருவார்கள். ஆனால் ரேடியோவைத் திருகுகிறவர்கள் இரண்டே பேர். ஒருவன் நான், அதுவும் வாரத்தில் இரண்டு நாள். இன்னொருத்தி தினமும்.

அவள் எங்கள் கம்பெனியில் தையல் லைனில் உட்காருகிறவள். நாற்பது வயதைத் தாண்டியவள். மாதனூர்ப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து கம்பெனி வேனில் வருவாள். நாள் முழுக்க அறுபது மெஷின் ஒன்றாகக் கத்துகிற இடத்தில் இருந்துவிட்டு வீட்டுக்குப் போய், அடுப்பைப் பற்றவைத்து ரேடியோவையும் வைப்பாள். புருஷன் தோல் பதனிடுகிற ஷாப்பில் இரவு ஷிப்ட். வீட்டில் இருக்கிற ஒரே நல்ல போன் அவனோடு போய்விடும். போன் வீட்டில் இருக்கிற நாளிலும் அது காலேஜ் படிக்கிற மகள் கையில்தான்.

"போன எடுத்தா ஆளாளுக்குப் புடுங்கறாங்கணா. ரேடியோவ எவனும் புடுங்க மாட்டான்" என்று ஒரு தடவை சொன்னாள்.

அவள் கடிதம் எழுதினால் நிலையத்தில் கட்டாயம் வாசிப்பார்கள். நான் எழுதுவது மாதிரி 'நிகழ்ச்சிகள் யாவும் மிக அருமை' என்று எழுதமாட்டாள். பாலாற்றில் தண்ணீர் வந்த வருடம், ஊரே பாலத்தில் நின்று செல்பி எடுத்தபோது தனக்குக் கால் நனைக்கப் பயமாக இருந்ததை எழுதினாள். அதை வாசித்த அறிவிப்பாளர் அம்மா, 'எங்கள் ஊர் ஆறு இப்போது உறைந்திருக்கிறது, சகோதரி' என்றார். திங்கட்கிழமை லைனில் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. சூப்பர்வைசர் திட்டியதுகூட அன்று அவளுக்கு உறைக்கவில்லை. எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

போன வருடம் நிலையத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. செலவைக் குறைக்க வேண்டியிருக்கிறதாம். இப்போதைய அலைவரிசையை விட்டுவிட்டு வேறொன்றுக்கு மாறலாமா என்று யோசிக்கிறார்களாம். இரண்டு வாரம் ஒரே நிகழ்ச்சியைப் பழைய அலைவரிசையிலும் புதியதிலும் சேர்த்தே ஒலிபரப்புவார்கள். புதியது எப்படிக் கேட்கிறது என்று உறுப்பினர்கள் தினமும் குறித்து அனுப்ப வேண்டும். ஒலி எவ்வளவு, இரைச்சல் எவ்வளவு என்று ஒன்றிலிருந்து ஐந்து வரை மார்க். கடிதத்தின் அடியில், 'உண்மையான நிலையை எழுதவும்' என்று கோடு போட்டிருந்தார்கள்.

அந்த இரண்டு வாரமும் கம்பெனியில் ஆர்டர் நெருக்கடி. தையல் லைனை ஆறு மணிக்கு அனுப்பிவிட்டு, குறை பார்க்கிற எங்களை மட்டும் நிறுத்திவைத்தார்கள். ஓவர்டைம் முடிந்து, என் வீடு இருக்கிற சத்துவாச்சாரியில் வேனிலிருந்து இறங்கும்போது எட்டரை ஆகிவிடும். முதல் ஞாயிற்றுக்கிழமை மட்டும் திருகிப் பார்த்தேன். புதிய அலைவரிசையில் எண்ணெய்ச் சட்டியில் கடுகு போட்ட மாதிரி ஒரே இரைச்சல். பத்து நிமிடத்தில் மூடிவிட்டேன். மற்ற உறுப்பினர்களுக்குப் போன் செய்தால், "நீயே போட்டுடு தோஸ்த், உனக்குத் தெரியாததா" என்றார்கள்.

போட்டேன். சாப்பாட்டு நேரத்தில் கேண்டீன் மூலையில் உட்கார்ந்து, பத்துப் பேருக்கும் எனக்குமாகப் பதினான்கு நாளுக்கு மார்க் போட்டேன். எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டால் நம்பமாட்டார்கள் என்று நடுநடுவே நாலும், ஒரு மழை நாளுக்கு மூன்றும் கலந்தேன். பேனாவைக்கூட மாற்றினேன். கேட்டதற்கு அத்தாட்சியாக அன்றன்றைய நிகழ்ச்சி விவரமும் எழுத வேண்டுமே, அதற்கு மட்டும் அவளைக் கேட்டுக்கொண்டேன். அவள்தான் பழைய அலைவரிசையில் ஒரு நாள் விடாமல் கேட்கிறாளே.

அலுப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். 'இங்கே கேட்கவில்லை' என்று எழுதினால், வேலூர்ப் பக்கம் கேட்க ஆளில்லை என்று கணக்குப் போட்டு அடியோடு மூடிவிடுவார்கள் என்றுதான் நான் நினைத்தேன். ஓகே போட்டால் சரக்கு நகரும், ரிஜெக்ட் போட்டால் திரும்பி வரும். எனக்குத் தெரிந்த உலகம் அவ்வளவுதான்.

இரண்டு வாரம் முடிந்ததும் அவள் தன் தாளைக் கொண்டுவந்து கொடுத்தாள். பதினான்கு நாளுக்கும் கட்டம் கட்டி, எல்லாக் கட்டத்திலும் ஒன்று என்று போட்டிருந்தாள். கீழே, 'இரைச்சல் மட்டுமே கேட்கிறது. பேச்சு எதுவும் புரியவில்லை' என்று எழுதியிருந்தாள்.

"மத்தவங்களுக்கெல்லாம் எப்பிடி இருக்குதுணா?" என்று கேட்டாள்.

"எல்லாருக்கும் நல்லா கேக்குதாம்" என்றேன். வாய் கூசவில்லை.

"உங்களுக்கு?"

"எனக்கும்தான். மாடி வீடாச்சே."

அவள் தலையை ஆட்டிவிட்டு மெஷினுக்குப் போனாள். அன்று மத்தியானம் அவள் தாளை மடித்துக் குப்பையில் போட்டுவிட்டு, அவள் பெயரில் வேறொன்று எழுதினேன். பன்னிரண்டில் ஒன்று மட்டும் மாறி இருந்தால் மற்ற பதினொன்றையும் சந்தேகப்படுவார்களே. அவளுக்கு நாலு போட்டேன்.

அடுத்த மாதமே அறிவித்துவிட்டார்கள். வேலூர் மாவட்ட மன்றத்தின் விரிவான அறிக்கை பெரிதும் உதவியது என்று சொல்லி எனக்கு நன்றியும் சொன்னார்கள். ஒன்றாம் தேதியிலிருந்து புதிய அலைவரிசை மட்டும்தான். பழைய டிரான்ஸ்மிட்டரை அன்றே கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவார்களாம். என் பெயரை வானொலியில் அவ்வளவு தெளிவாக நான் அதற்குமுன் கேட்டதில்லை. சந்தோஷப்பட்டேன், அதையும் மறைக்கவில்லை.

ஒன்றாம் தேதி போயிற்று. இரண்டாம் தேதி காலையில் என் மேஜை அருகே வந்து நின்றாள்.

"எனக்கு ஒண்ணுமே வரலணா."

"கொஞ்ச நாள்ல சரியாயிடும்."

ஒரு வாரம் கழித்து, பேட்டரி மாற்றிப் பார்த்ததாகச் சொன்னாள். இன்னொரு வாரம் கழித்து, செப்புக் கம்பி வாங்கி முருங்கை மரம் வரைக்கும் இழுத்துக் கட்டினாளாம். புருஷன், "வேற வேல இல்லியா உனக்கு" என்று பேஜார் பண்ணினானாம். அதற்கப்புறம் வேறு ரேடியோ வாங்கிவிட்டாள். ஒவ்வொரு தடவையும் நான் ஏதோ சொல்லி அனுப்பினேன். வெயில் காலத்தில் அப்படித்தான் என்றேன், பக்கத்தில் எங்காவது மோட்டார் ஓடும் என்றேன். பிறகு அவள் என்னிடம் விசாரிப்பதை நிறுத்திவிட்டாள். எனக்கு அது நிம்மதியாக இருந்தது. ஆனால் அவள் லைனில் ஒரு மாதிரி ஆகிவிட்டாள். சூப்பர்வைசர் பின்னாலிருந்து கூப்பிட்டால் தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினாள். யாராவது பேசினால் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு அவர்கள் முகத்தையே பார்த்தாள்.

ஒரு சனிக்கிழமை வேனில் ஏறுமுன் என்னிடம் வந்தாள்.

"நாளைக்கு உங்க வூட்டுக்கு வர்றேன்ணா. உங்க ரேடியோவுல ஒரு தபா கேட்டுட்டுப் போயிடறேன். எட்டரை பஸ்ஸப் புடிச்சிடுவேன்."

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? என்ன காரணம் சொல்வது? வா என்றேன்.

ஞாயிறு சாயங்காலம் ஏழு மணிக்கெல்லாம் வந்துவிட்டாள். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம், தோள்பையில் அவளுடைய புது ரேடியோ. என் மனைவி அவளைச் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நான் பால்கனியில் ஏரியல் கம்பியைக் கட்டுகிற மாதிரி நின்றுகொண்டிருந்தேன். அவள் பேசுவது ஜன்னல் வழியாகக் காதில் விழுந்தது.

"மன்றத்துல எல்லாருக்கும் கேக்குது அண்ணி. எனக்கு மட்டும் இரைச்சலா இருக்குது. ரேடியோவ மாத்தினேன், அப்பவும் அதேதான். அப்பறம்தான் தெரிஞ்சுது, ரேடியோவுல ஒண்ணும் இல்ல, என் காதுலதான்."

"காதுலயா?" என்றாள் என் மனைவி.

"இருபது வருஷமா மெஷின் சத்தம் இல்ல? எங்க லைன்ல ஒரு அக்காவுக்கு இப்பிடித்தான் ஆச்சு. சத்தம் கேக்கும், பேச்சு புரியாது. அவங்கள அனுப்பிட்டாங்க. டெஸ்டுக்குப் போனா கம்பெனிக்குத் தெரிஞ்சுடுமோன்னு நான் ஆஸ்பத்திரிக்கே போகல. பொண்ணு காலேஜ் இன்னும் ரெண்டு வருஷம் இருக்குது. அவ பேசறப்ப அவ வாயையே பார்த்துனு இருக்கேன் அண்ணி, புரியுதா இல்லியான்னு."

நான் கம்பியைக் கையில் பிடித்தபடி நின்றேன். பத்தொன்பது வருடமாக அடுத்தவர் தையலில் குறை பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன். இதற்கு என்ன சீட்டு ஒட்டுவது?

ஏழரைக்கு இரண்டு பேரும் ஹாலுக்கு வந்தார்கள். என் ரேடியோவை மேஜையில் வைத்துப் புதிய அலைவரிசைக்குத் திருகினேன். இரைச்சல். இப்படியும் அப்படியும் மெதுவாகத் திருகினேன். இரைச்சல்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டு முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு நிமிடம் போயிருக்கும்.

"இப்ப இன்னா சொல்றாங்கணா?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டாள். "செய்தியா?"

என் மனைவி என்னைப் பார்த்தாள். "இன்னாங்க இது, எனக்கும் ஒண்ணும் கேக்கலியே" என்றாள்.

நான் சொல்லிவிட்டேன். கேண்டீன் மூலை, பதினான்கு நாள் மார்க், அவள் தாளைக் குப்பையில் போட்டது, அவள் பெயரில் நாலு போட்டது எல்லாவற்றையும் சொன்னேன். தலை நிமிரவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிட ஜாஸ்தியாகப் பயமாக இருந்தது. கத்துவாள், அழுவாள், ஏதாவது எடுத்து எறிவாள் என்று எதிர்பார்த்தேன்.

"அப்ப உங்களுக்கும் கேக்கலியா?"

"கேக்கலம்மா."

"யாருக்குமே கேக்கலியா?"

"யாரும் கேட்டுப் பாக்கவே இல்ல."

"அப்ப என் காது நல்லாத்தான் இருக்குதா?"

"நல்லாத்தான் இருக்குது."

அவள் சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு, உடம்பு குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லாத்தான் இருக்குதாம் அண்ணி, நல்லாத்தான் இருக்குதாம்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் மனைவி எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். அவள் முழுவதையும் குடித்து டம்ளரைக் கீழே வைத்தாள்.

ரேடியோ அதுபாட்டுக்கு இரைந்துகொண்டிருந்தது. அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் சிரிப்பு மெல்ல நின்றுபோயிற்று.

"அப்ப இனிமே எங்க போய் வச்சாலும் வராதாணா?" என்றாள்.

"வராதும்மா" என்றேன்.