ராபியா கயிறும் மூன்று காலிப் பெட்டிகளும்

இரண்டு வருடத்துக்கு முன்பு, தீபாவளிக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, மலேசியாவில், ஈப்போவில் நான் வேலை செய்யும் கார் ஷோரூமில் நடந்தது இது. படிக்கிற பிள்ளைகளே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். ஏன் உங்களுக்கு என்பதைப் போகப்போகச் சொல்கிறேன்.

நான் மூன்றாம் படிவம், ஒன்பதாம் வகுப்பு, வரைதான் படித்தவன். பல வருடம் டயர் கடையில் கிடந்தேன். உனக்குத்தான் வாய் இருக்கிறதே, கார் விற்கப் போ என்று ஒரு நண்பர் சொன்னார், போனேன். வெள்ளைச் சட்டை, டை, சட்டையில் பெயர் அட்டை. கண்ணாடியில் பார்த்தால் எனக்கே நான் பெரிய ஆள் மாதிரித் தெரிந்தேன்.

நாங்கள் விற்பது மின்சாரக் கார்கள். அதில் எஸ்யூவி என்று உயரமான வண்டி ஒன்று இருக்கிறது. அதைக் காட்டுவதென்றால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம். நடுவில் டிவி மாதிரி ஒரு திரை. தலைக்கு மேல் முழுக்கக் கண்ணாடி. கதவு ஓரமாக ஒரு விளக்குக் கோடு ஓடும், கேட்கிற நிறத்தில் மாறும். இன்ஜின் இல்லாததால் முன்பக்கம் போனட்டைத் திறந்தால் அங்கேயும் சாமான் வைக்க ஒரு சின்ன இடம். பின்பக்கம் சாமான் ஏற்றும் பூட் கதவு பட்டனைத் தொட்டால் தானாகத் திறக்கும், தானாக மூடும். உள்ளே எவ்வளவு இடம் என்று காட்ட, பயணப் பெட்டி மூன்றைப் பெரிதாகப் பார்த்து அடுக்கி வைத்திருந்தோம். மூன்றும் காலிப் பெட்டிகள்தான்.

ஒரு சனிக்கிழமை, ஷோரூம் மூட அரை மணி நேரம் இருக்கும்போது ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். தாப்பா பக்கம், முன்பு ரப்பர் தோட்டமாக இருந்து இப்போது வரிசை வீடுகள் கட்டித் தாமானாகிவிட்ட இடத்தில் வீடு. அவர் ஒரு தொழிற்சாலையில் வாசல் காவலுக்கு நிற்கும் ஜாகா வேலை பார்க்கிறவர். அந்த அக்கா வீட்டில் துணி தைக்கிறவர். இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவள் சக்கர நாற்காலியில் இருப்பவள், முதுகெலும்பு பலமில்லாதவள். அவளுக்கு ஈப்போவில் கல்லூரி கிடைத்திருந்தது. வீட்டில் இருந்த பழைய வேன் குலுக்குகிற குலுக்கலில், போய்ச் சேர்வதற்குள் அவளுக்கு முதுகு வலி தாங்காதாம்.

வண்டியை ஓட்டிக் காட்டினேன். ரோட்டு மேட்டில் ஏறி இறங்கியது தெரியவே இல்லை. அவர், “அந்த மேட்டு மேல இன்னொரு தடவ ஏத்துங்க தம்பி” என்றார். ஏற்றினேன். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகளை அந்த சீட்டில் வைத்துப் பார்க்கிறார் என்று எனக்குப் புரிந்தது. வண்டி விற்றுவிட்டது என்பதும் புரிந்தது.

திரும்பி வந்ததும் அந்த அக்கா கைப்பையிலிருந்து ஒரு சிவப்பு ராபியா கயிற்றை எடுத்தார். பொட்டலம் கட்டுகிற அதே பிளாஸ்டிக் கயிறுதான். அதில் இரண்டு முடிச்சுகள்.

“தம்பி, எம்பொண்ணு வீல்சேர் மடக்க முடியாதது. அவ முதுகுக்குன்னு தனியா செஞ்சது. மொத முடிச்சு அகலம், ரெண்டாவது உயரம். அந்தப் பெட்டிங்கள எறக்கினா ஒரு தடவ வச்சுப் பாத்துக்கிறேன்.”

எனக்கு அந்த மாத விற்பனைக் கணக்குக்கு ஒரு வண்டி குறைந்தது. வீட்டுக்குப் போகிற அவசரம் வேறு. அதைவிட, அந்தக் கயிற்றைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. அதுதான் உண்மை.

“அக்கா, கயிறு வாழைத்தார் கட்டத்தான்லா ஆகும். பூட் எடமெல்லாம் லிட்டர் கணக்கு. உங்க வீல்சேர் என்ன, வீட்டு பிரிட்ஜே உள்ள போகும்!”

பக்கத்தில் நின்ற சக ஊழியர்கள் சிரித்தார்கள். அவர் கணவரும் சங்கடமாகச் சிரித்து, “இவளுக்கு எத வாங்கினாலும் சந்தேகம் தம்பி” என்றார். அந்த அக்கா கயிற்றை விரலில் சுற்றிப் பைக்குள் வைத்துவிட்டார். கையெழுத்துப் போட்டார்கள்.

அட்டையில் அச்சடித்த லிட்டர் எண்ணைத் தவிர அந்த இடத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஒரு நாளும் நான் அளந்து பார்த்ததில்லை.

அன்று இரவு சாப்பிடும்போது என் பிள்ளைகளுக்கு அதை நடித்துக் காட்டினேன். ஒரு துண்டுக் கயிற்றைப் பிடித்து, அந்த அக்கா மாதிரி குரலை மாற்றிப் பேசினேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சின்னவன் அந்தக் கயிற்றைப் பிடுங்கி என் வயிற்றை அளந்து, “அப்பா பூட்ல போவாருலா?” என்றான். நானும் சேர்ந்து சிரித்தேன்.

வண்டி கொடுக்கும் நாள் வந்தது. அவர்கள் பழைய வேனைப் புது வண்டி விலையில் கழிக்க முந்தின வாரமே எங்களிடம் கொடுத்துவிட்டார்கள். சீக்கிரம் கொடுங்கள் என்று அவசரப்படுத்தியவன் நான்தான். பக்கத்து வீட்டுக்காரர் தன் வேனில் அவர்களைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போய்விட்டார். நாலு பேரும் புதுத்துணி போட்டிருந்தார்கள். அக்கா வண்டிக்குச் சந்தனப் பொட்டு வைத்து, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். மூத்த பெண் விளக்குக் கோட்டுக்கு ஊதா நிறம் கேட்டாள், மாற்றிக் கொடுத்தேன். அப்பா அவளைத் தூக்கி முன் சீட்டில் உட்கார வைத்தார். “ப்பா, மெத்த மாதிரி இருக்குப்பா” என்றாள்.

நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனேன். பேட்டரி அடியில் இருப்பதால் அந்த வண்டியின் தளம் உயரம். மேலே கண்ணாடி சாய்ந்து இறங்கும். நாற்காலியை ஏற்றி நிறுத்தி பட்டனைத் தொட்டேன். கதவு மெதுவாக இறங்கி, நாற்காலியின் முதுகில் தொட்டு, பீப் பீப் என்று கத்திவிட்டு மறுபடி மேலே போனது. திருப்பி வைத்தேன். பீப் பீப். கால் வைக்கும் பலகையைக் கழற்றிவிட்டுப் படுக்க வைத்தேன். சக்கரம் ஒரு சாண் வெளியே நின்றது. ஷோரூமில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

தங்கைக்காரி, பன்னிரண்டு வயசு இருக்கும், என்னைப் பார்த்து, “அங்கிள், முன்னால ஒரு பூட் இருக்குன்னு அப்பாகிட்ட சொன்னீங்களாமே, அதுல வச்சுப் பாப்பமா?” என்றாள். கிண்டலா, உண்மையாகவே கேட்டாளா என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

எனக்கு வியர்த்தது. அந்த நேரத்தில் என் வாயில் வந்த வார்த்தையை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. “சேர் இவ்வளவு உயரம்னு நீங்க மொதல்லயே சொல்லலயே அக்கா” என்றேன்.

அந்த அக்கா கைப்பையைத் திறந்தார். அதே சிவப்புக் கயிறு. என்னோடு சண்டைக்கு வரவில்லை. கயிற்றின் நுனியைத் தரையில் வைத்து நாற்காலியின் ஓரமாகப் பிடித்தார். இரண்டாவது முடிச்சு நாற்காலியின் உச்சியில் சரியாக வந்து நின்றது. பிறகு அதே கயிற்றைப் பூட் இடத்தின் தளத்தில் வைத்துப் பிடித்தார். முடிச்சு கண்ணாடிக்கு வெளியே போய்விட்டது. கயிற்றை மறுபடி விரலில் சுற்றினார். அவ்வளவுதான். அவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

கடைசியில் பின் சீட்டில் பெரிய பகுதியை மடக்கினோம். நாற்காலி உள்ளே போனது, கதவும் மூடியது. ஆனால் பின்னால் ஒரே ஒரு சீட்டுதான் மிச்சம். அந்தக் குடும்பத்தில் நாலு பேர். வண்டியில் மூன்று பேருக்குத்தான் இடம்.

“நீங்க போங்க, நான் பஸ்ல வாரேன்” என்றார் அக்கா, ஏதோ கடைக்குப் போய் வருகிற மாதிரி.

நான் விடவில்லை. என் பழைய சின்னக் காரில் அவரை ஏற்றிக்கொண்டு, புது வண்டிக்குப் பின்னாலேயே தாப்பா வரை போனேன். வழி முழுக்க முன்னால் போகிற வண்டியின் பின் கண்ணாடியில் அந்த நாற்காலிதான் தெரிந்தது. மன்னிப்புக் கேட்கலாம் என்று பார்த்தால் வாய் வரவில்லை. விற்கும்போது மட்டும் எப்படி வந்ததோ. கம்பார் தாண்டியதும் அவரே பேசினார்.

“நீங்க டை கட்டியிருந்தீங்க தம்பி. படிச்சவங்க, தெரிஞ்சுதான் சொல்வாங்கன்னு நெனச்சேன். அதான் கயித்த உள்ள வச்சிட்டேன்.”

பிறகு என் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்டார். நான் பதில் சொல்லும்போது, வீட்டில் அவர் குரலில் நடித்துக் காட்டியது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

மறுநாள் மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டினார். ஆனால் லோன் போட்டு, பெயர் பதிந்த வண்டியைத் திரும்ப எடுக்க முடியாது என்றுவிட்டார். வேனும் எங்கேயோ கைமாறிவிட்டது. புகார் எழுதுங்கள், நான் செய்தது தப்பு என்று நானே கையெழுத்துப் போடுகிறேன் என்று அந்த அக்காவுக்குப் போன் செய்தேன். “வேணாம் தம்பி, உங்களுக்கும் பிள்ளைங்க இருக்கு” என்று வைத்துவிட்டார்.

என் பிள்ளைகளை உட்கார வைத்து நடந்ததைச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. சின்னவன் மட்டும், “அப்ப அந்த ஆன்ட்டி கரெக்ட்டா அப்பா?” என்று கேட்டான். ஆமாம் என்றேன். இதை ஏன் பிள்ளைகளுக்கு எழுதுகிறேன் என்றால், ஒரு மனுஷியைப் பார்த்துச் சிரிக்க என் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தவன் நான்தான். உங்கள் அப்பாவோ நானோ, டை கட்டிய யாரோ சிரிக்கச் சொன்னால், கொஞ்சம் நின்று யோசித்துவிட்டுச் சிரியுங்கள்.

இப்போது ஷோரூமில் யார் வந்தாலும் முதலில் அந்தப் பெட்டிகளை இறக்கிவிடுகிறேன். எதை ஏற்றப் போகிறீர்களோ அதைக் கொண்டுவாருங்கள் என்கிறேன். கூட வேலை செய்கிறவர்கள் என்னை லோரி கெலிண்டான் என்று, லாரிக் கிளீனர் என்று, கேலி செய்கிறார்கள். செய்யட்டும்.

போன தைப்பூசத்தில் கோயில் பக்கம் அந்த வண்டியைப் பார்த்தேன். அப்பா இறங்கினார், தங்கைக்காரி இறங்கினாள், நாற்காலி இறங்கியது. மூத்த பெண் என்னைப் பார்த்துச் சிரித்துக் கை காட்டினாள், முதுகு வலி இப்போது இல்லை அங்கிள் என்றாள். அம்மா எங்கே என்று கேட்டேன். பஸ்ஸில் வருகிறார் என்றாள். நான் பஸ் நிற்கும் இடத்துக்குப் போய், அந்த அக்கா இறங்கும் வரை நின்றேன்; மூன்று காலிப் பெட்டிகளை இறக்க எனக்கு இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது, அந்த இரண்டு நிமிடத்தை நான் கொடுக்காததால் ஒரு தாய் தன் பிள்ளைகளுக்குப் பின்னால் தனியாக வந்துகொண்டிருக்கிறார் என்பது, எந்தப் பஸ்ஸைப் பார்த்தாலும் என் நெஞ்சில் வந்து நிற்கிறது.