கலைவாணி படித்த ஒன்பதாம் அதிகாரம்

கலைவாணி கெட்டிக்காரி. இதை நான் யார் முன்னாலும் சொல்வேன். பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் அவள் மாதிரி கைச்சுத்தமாகப் பட்டுப்புடவை நெய்ய இன்னொருத்தி கிடையாது. ஆனால் புகுந்த வீட்டில் அவளுக்கு ஒரே பேர்தான்: பெற்ற பிள்ளையின் கண்ணைக் கெடுத்தவள்.

துர்கா வயிற்றில் இருந்தபோது ஒரு கிரகணம் வந்தது. அன்றைக்கென்று பார்த்து ஒரு முகூர்த்தப் புடவை நெய்து முடிந்திருந்தது. கடைக்காரர் வாசலில் நின்று அவசரப்படுத்தினார். "கத்திரிய எடுத்து அறுத்துக் குடு," என்றான் புருஷன் மயில்வாகனம். தறியிலிருந்து அறுத்துக் கொடுத்தாள். குழந்தை பார்வையில்லாமல் பிறந்தது. நரம்புக் கோளாறு என்று கண் டாக்டர் தலைதலையாய் அடித்துக்கொண்டார். யார் கேட்டார்கள்? கிரகணத்தில் பிள்ளைத்தாச்சி கத்திரியைத் தொட்டதுதான் காரணம் என்று நாத்தனார் புவனேஸ்வரி தெருவெல்லாம் சொல்லிவைத்தாள். அறுக்கச் சொன்ன மகராசன் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கல்லுளிமங்கன், இன்றுவரை ஒரு வார்த்தை பேசவில்லை.

இத்தனை வருஷமும் அந்தப் பேச்சு குழந்தையின் காதில் விழாமல் கலைவாணி காப்பாற்றி வைத்திருந்தாள். துர்காவுக்கு எட்டு வயதானபோது, புவனேஸ்வரி அவளை மடியில் உட்காரவைத்து, "உங்கம்மாதான்டி உன் கண்ண அறுத்தா," என்று சொல்லிவிட்டாள். நாக்கா அது! அன்றிலிருந்து துர்கா அம்மாவைத் தலைவாரக்கூட விடவில்லை. கலைவாணி கிட்டே போனால் சுவரோடு ஒட்டிக்கொண்டது.

அந்தச் சமயத்தில்தான் பஸ்ஸில் கலைவாணி பக்கத்தில் உட்கார்ந்த யாரோ ஒருத்தி, பிறவிக் குருடன் ஒருவனின் கதையைச் சொல்லியிருக்கிறாள். இவன் இப்படிப் பிறந்தது யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டார்களாம். இவனும் பாவம் செய்யவில்லை, பெற்றவர்களும் செய்யவில்லை என்று இயேசு சொன்னாராம். கலைவாணிக்கு அது போதும். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு வீட்டு மாடியில் குளோரி டீச்சர் நடத்தும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் போய் உட்கார்ந்தாள். அங்கே யோவான் எழுதின சுவிசேஷம், வாரத்துக்கு ஓர் அதிகாரம். துணைக்கு நான் போனேன். எனக்குச் சாமியும் ஒன்றுதான், சர்ச்சும் ஒன்றுதான். இரண்டு மணி நேரம் ஃபேன் காற்றில் உட்காரலாம்.

அவள் படித்ததைப் பார்க்கவேண்டுமே! தறியில் உட்கார்ந்தால் பக்கத்தில் அந்தப் புத்தகம். கல்யாண வீட்டில் தண்ணீர் திராட்சைரசமானதும், கிணற்றடியில் ஒரு பெண்ணிடம் இயேசு தண்ணீர் கேட்டதும் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். ஒன்பதாம் அதிகாரத்தைத் துர்காவுக்குப் படித்துக் காட்டினாள். குழந்தை கேட்டுவிட்டு, "டீச்சர் சொல்லட்டும். அப்போ நம்பறேன்," என்றது.

வகுப்பில் ஒன்பதாம் அதிகாரத்தின் முறை வந்த ஞாயிற்றுக்கிழமை துர்காவையும் கூட்டிக்கொண்டு போனோம். கலைவாணியையே வாசிக்கச் சொன்னார்கள். மூன்றாம் வசனம்வரை வாசித்து நிறுத்தினாள்.

"டீச்சர், இத நீங்க ஒரு தபா உங்க வாயால சொல்லுங்களேன். எம்பொண்ணு கேக்கணும். பெத்தவங்க மேல குத்தம் இல்லன்னு."

குளோரி டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள். "அது அந்த ஆளப் பத்திச் சொன்னதும்மா. அவனுக்குப் பார்வை வந்துச்சில்ல? உம்பொண்ணுக்கு நாங்களும் வாராவாரம் ஜெபம் பண்ணிக்கினுதான் இருக்கறோம். ஏதாவது நடந்துச்சா? அப்போ தடை எங்க இருக்குது? இன்னும் நெத்தியில பொட்டு வெச்சிக்கினு வர. எதையோ மறைக்கிற. நீ செஞ்ச பாவத்த அறிக்கை பண்ணு, புள்ளைக்கு விடுதலை கிடைக்கும்."

"ஏம்மா, புக்குல அச்சடிச்சிருக்கறதுகூட ஒன் கண்ணுக்குத் தெரியலியா?" என்று எழுந்தேன். உடனே நாலு பேர் கையைத் தட்டிக்கொண்டு பாட ஆரம்பித்துவிட்டார்கள். நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. துர்கா மட்டும் டீச்சர் குரல் வந்த பக்கமே முகத்தை வைத்துக்கொண்டிருந்தது.

ஷேர் ஆட்டோவில் கலைவாணி குழந்தையைத் தொடப் போனாள். அது என் பக்கம் நகர்ந்துகொண்டது.

"துர்கா, அந்தம்மா தப்பாச் சொல்றாங்கடி. புக்குல அப்டி இல்ல. நான் படிச்சேனே, கேட்ட இல்ல?"

"நீதானே படிச்ச," என்றது துர்கா. "உனக்கு ஏத்தாப்புல படிச்சிருப்ப. எனக்கு எப்டித் தெரியும்?"

"நான் படிச்சிக் காட்டறேன் வா கண்ணு," என்றேன்.

"நீங்க அம்மா ஃப்ரெண்டு பெரிம்மா."

ஒரு தெருவா, ஒரு வீடா, ஒரு மாடியா? கலைவாணி எத்தனை இடத்தில்தான் இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டிருப்பாள்? அவளுக்கு அங்கே மனசு விட்டுப்போயிற்று.

"ஆமாடி. நான்தான் பண்ணேன்," என்றாள். "போதுமா?"

நான் பதறிப்போய் அவள் வாயைப் பொத்தினேன். சொன்னது சொன்னதுதான்.

துர்கா அழவில்லை. "அத்தை பொய் சொல்லலன்னு தெரிஞ்சிக்கத்தான் டீச்சரச் சொல்லச் சொன்னேன்," என்றது.