மடியோடு சேர்த்துத் தைத்தவள்

என் அக்கா துணியில் ஊசியால் படம் வரைகிறவள். படம் என்றால் கைக்குட்டை ஓரத்துப் பூ அல்ல. ஒரு சுவரையே அடைக்கிற மரங்கள், மழை, கூட்டம். வேலையில் மூழ்கிவிட்டால் மடியில் கிடக்கும் துணியை, உடுத்தியிருக்கும் நைட்டியோடு சேர்த்துத் தைத்துவிடுவாள். எழுந்தால் படமும் கூடவே எழும். "இன்னைக்கும் உன்னையே தைச்சுக்கிட்டியா?" என்று அத்தான் கத்தரியோடு வருவார்.

குளிர் தொடங்கியபோது தையலே நின்றுபோனது. நூலகத்தின் வாசிப்பு அறைக்கு ஒரு படம் கேட்டிருந்தார்கள். சுவரில் ஆணிகூட அடித்துவிட்டார்கள். அந்த ஆணிதான் அவளை ஆட்டிவைத்தது. துணியை விரித்தாலே நெஞ்சு படபடத்தது. நூல்களை நிறம் நிறமாக அடுக்கினாள், கலைத்தாள், மறுபடி அடுக்கினாள். கத்தரிக்கு எண்ணெய் போட்டாள். கடைசியில் தையல் சட்டத்தைப் பீரோவுக்குப் பின்னால் தள்ளிவிட்டாள். எதற்கும் அசராதவள், ஒரு மரச்சட்டத்துக்குப் பயந்து அது இருந்த அறைக்குள்ளேயே போகாமல் இருந்தாள். ஆறுதல் சொல்லத் தெரியாமல் கத்தினேன். தைக்கத் தெரியாதவர்களும் உலகத்தில் உயிரோடுதான் இருக்கிறார்கள் என்றேன். அவள் சண்டைக்குக்கூட வரவில்லை.

நேற்று அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். மதியம் நூலகர் போனில் கூப்பிடுவார், முடியாது என்று சொல்லிவிடப் போகிறேன் என்றாள்.

"கை இருக்கு, கண்ணு இருக்கு. உள்ள இருந்தது போயிடுச்சுடி. அது திரும்ப வரலைன்னா நான் யாரு? பயமா இருக்கு."

பேச்சை மாற்ற, என் கோட்டின் கிழிந்த உள்துணியைக் காட்டினேன். வேண்டாவெறுப்பாக வாங்கினாள். அதே பயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே தைத்தாள். கிழிசல் மூடிய பிறகும் ஊசி நிற்கவில்லை. கறுப்புத் துணியில் பச்சை நூல் கிளை பிரிந்து போய்க்கொண்டிருந்தது.

போன் அடித்தது. முகம் வெளுக்க எழுந்தாள். கோட்டும் கூடவே எழுந்தது.

இருவரும் குனிந்து பார்த்தோம். நான் கத்தரியைத் தேடினேன்.

"வெட்டாத," என்றாள். "நீ போய் போனை எடு. இன்னும் கொஞ்ச நாள் ஆகும்னு மட்டும் சொல்லு."

பயம் ஒன்றும் போய்விடவில்லை. நான் பேசி முடிக்கும்வரை, கோட்டை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்ற இடத்திலேயே நின்றாள்.